கலைஞர் உறைவிடம்: பினாங்குத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பகலில் ஓர் அச்சகத்தில் வடிவமைப்பு வேலை செய்து, இரவிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஓவியம் வரைபவள் நான். இரண்டு முறை உறைவிடங்களில் தங்கித் திரும்பியிருக்கிறேன். அதன்பின் ஜார்ஜ்டவுனில் ஒரு கண்காட்சித் திறப்பு முடிந்து வெளியே வரும்போதும், ஒரு நூல் வெளியீட்டில் தேநீர் வரிசையில் நிற்கும்போதும், வரைபவர்களும் எழுதுபவர்களும் ஆடுபவர்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளை என்னிடம் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பேச்சில் நாம் 'ரெசிடென்சி' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பதில்களில் 'உறைவிடம்' என்று எழுதுகிறேன்.

ரெசிடென்சி என்றால் என்ன? ஒர்க்‌ஷாப்புக்குப் போவது மாதிரிதானே?

இல்லை. பட்டறையில் ஒருவர் கற்றுக்கொடுப்பார், மற்றவர்கள் கற்றுக்கொள்வார்கள். பாடமும் நேரமும் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்கும். உறைவிடத்தில் பாடம் கிடையாது. ஒரு கலைஞருக்குத் தங்க ஓர் அறையையும் பணி செய்ய ஓர் இடத்தையும் குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுத்து, அவரை அவருடைய வேலையோடு விட்டுவிடுவதுதான் உறைவிடத்தின் அடிப்படை. அந்தக் காலம் இரண்டு வாரமாகவும் இருக்கலாம், ஓராண்டாகவும் இருக்கலாம். சில இடங்களில் முடிவில் ஒரு சிறு கண்காட்சியோ வாசிப்போ கேட்பார்கள். சில இடங்களில் அதுவும் கேட்பதில்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரர்கள் பழக்கம். நம்மிடம் இப்படி எதுவும் இருந்ததில்லையே?

இன்றைய வடிவம் மேற்கிலிருந்து வந்தது என்பது உண்மை. பிரெஞ்சு அரசு இளம் கலைஞர்களைத் தங்கவைத்துப் பயிற்றுவிக்க 1666இல் ரோமில் ஒரு கலைக்கழகம் தொடங்கியது. அமெரிக்காவில் இசையமைப்பாளர் எட்வர்ட் மெக்டவலும் அவருடைய மனைவி மரியனும் 1907இல் நியூ ஹாம்ப்ஷயரில் தங்கள் பண்ணையைக் கலைஞர்களுக்குத் திறந்துவிட்டார்கள். காட்டுக்குள் தனித்தனிக் குடில்கள். நண்பகல் உணவைக் கூடையில் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டாமல் திரும்பிவிடும் வழக்கம் அங்கே வளர்ந்தது. அந்தத் தட்டாத கதவில்தான் உறைவிடம் என்பதன் முழுப் பொருளும் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

நம் பக்கத்தில் இதற்கு நெருக்கமாக இருப்பது சோழமண்டலம். சென்னை அரசு கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று, 1966இல் ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையோரம் ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து வாழும் ஒரு கிராமத்தை அமைத்தார்கள். அதற்கான பணத்தைத் திரட்ட அவர்கள் செய்து விற்ற கைவினைப் பொருள்களில் பாத்திக் துணியும் ஒன்று. ஓவியர் சுவா தியான் தெங் பாத்திக்கை ஓவியமாக்கிக் காட்டிய தீவில் வாழும் நமக்கு இந்தச் செய்தி கூடுதல் நெருக்கம் தருகிறது. சோழமண்டலம் நிரந்தரக் குடியிருப்பு. உறைவிடமோ வந்து போகும் இடம். ஆனாலும் கலைஞருக்கு இடம்தான் முதல் தேவை என்ற எண்ணம் இரண்டுக்கும் பொது.

குருகுலத்தை இதோடு ஒப்பிடுபவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. குருகுலத்தில் குரு இருக்கிறார். அவருக்குச் செய்யும் பணிவிடையும் இருக்கிறது. உறைவிடத்தில் நீங்கள் யாருக்கும் கடமைப்பட்டவர் அல்லர்.

நம் நாட்டில் எங்கே இருக்கிறது?

கோலாலம்பூருக்கு வெளியே, சிலாங்கூரின் குவாங் பகுதியில் இருக்கும் ரிம்புன் டஹான் பலருக்கும் தெரிந்த பெயர். தாபோங் ஹாஜி கோபுரத்தை வடிவமைத்த கட்டடக் கலைஞர் ஹிஜாஸ் கஸ்தூரியும் அவருடைய மனைவி ஏஞ்சலாவும் 14 ஏக்கர் தோட்டத்தில் அதை உருவாக்கினார்கள். 1994 முதல் அங்கே கலைஞர்கள் தங்கிவந்திருக்கிறார்கள். தொடக்கத்தில் ஒரு மலேசியரும் ஓர் ஆஸ்திரேலியரும் ஓராண்டு தங்குவதாக ஏற்பாடு. தோட்டத்துக்குள் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்திய பழைய மரவீடுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று பினாங்கிலிருந்து போனது.

பினாங்கில், குர்டுவாரா சாலையில் பேருந்துப் பணிமனையாக இருந்து 2014இல் கலைவெளியான ஹின் பஸ் டெப்போவும் கலைஞர்களை அழைத்துத் தங்கவைத்ததுண்டு. எந்த இடமானாலும் இவ்வாண்டு அழைப்பு உண்டா என்பதை நேரடியாக எழுதிக் கேளுங்கள். உலக அளவில் தேட, 1993இல் தொடங்கிய ரெஸ் ஆர்டிஸ் என்ற உறைவிடக் கூட்டமைப்பின் பட்டியல் நல்ல தொடக்கம்.

எவ்வளவு வெள்ளி செலவாகும்? பணக்காரர்களுக்குத்தானே இது?

மூன்று வகை உண்டு. தங்குமிடம், உணவு, கைச்செலவுப் பணம் எல்லாம் கொடுப்பவை ஒரு வகை. இவற்றில் போட்டி கடுமை. இடம் மட்டும் கொடுத்து மற்றதை உங்களிடம் விடுபவை இரண்டாம் வகை. உங்களிடமே கட்டணம் வாங்குபவை மூன்றாம் வகை. மூன்றாம் வகையில் நேர்மையான இடங்களும் உண்டு. கலைஞர் என்ற சொல்லை மாட்டிவைத்த விடுதிகளும் உண்டு. யார் தேர்ந்தெடுக்கிறார்கள், இதற்குமுன் யார் தங்கினார்கள், அவர்களிடம் பேச முடியுமா என்று கேளுங்கள். தங்கியவர்களின் பெயரைச் சொல்லத் தயங்கும் இடத்துக்குப் பணம் அனுப்ப வேண்டாம்.

பலர் கணக்கில் விட்டுவிடுவது வேறொன்று: நீங்கள் இல்லாத காலத்திலும் வீட்டு வாடகையும் கார் தவணையும் நிற்பதில்லை. என் முதல் பயணத்தில் தங்குமிடம் இலவசம்; ஆனால் இழந்த சம்பளம்தான் உண்மையான கட்டணமாக இருந்தது. மலேசியாவில் கலைத்துறையை வளர்க்க 2017இல் அமைக்கப்பட்ட செண்டானா போன்ற அமைப்புகள் அவ்வப்போது மானியம் அறிவிக்கின்றன. விண்ணப்பிக்கும்போது இந்த இழப்பையும் ஈடுகட்ட முடியுமா என்று விதிகளில் பாருங்கள்.

வீட்டிலேயே ஓர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு செய்தால் போதாதா?

எல்லாவற்றிலும் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. நானும் ஐந்தாறு ஆண்டுகள் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். சத்தம்தான் தடை என்றால் கதவு போதும். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் யார் என்று பாருங்கள். அந்த அறைக்குள்ளும் நீங்கள் இன்னாருடைய மகள், இன்னாருடைய மருமகள், நாளைக் காலை எட்டரைக்கு வேலைக்குப் போக வேண்டியவர். வெளியே குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று காது எண்ணிக்கொண்டே இருக்கும். யாரும் கதவைத் தட்டாவிட்டாலும் தட்டுவார்கள் என்ற எதிர்பார்ப்பு உள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

அதைவிட ஆழமான தடை ஒன்று இருக்கிறது. ஓர் ஊரில் பல ஆண்டுகள் பணி செய்தால், எது விலைபோகும், எதை யார் பாராட்டுவார் என்பது கைக்குத் தெரிந்துவிடுகிறது. பினாங்கில் வரைபவர்களுக்கு அஞ்சடி என்னும் கடைவீட்டு நடைபாதையும் ட்ரைஷாவும் கோவில் கோபுரமும் அப்படித்தான். தூரிகை தானாகவே அங்கே போகும். கதை எழுதும் நண்பர் ஒருவர் சொன்னது என் மனத்தில் தங்கிவிட்டது. அவருடைய கதைகள் எல்லாமே ஞாயிறு பதிப்பின் ஒரு பக்கத்துக்குச் சரியாக இருக்கும் நீளத்தில் முடிந்துவிடுகின்றன என்பதை, இருபது ஆண்டுகள் எழுதிய பிறகுதான் கவனித்தாராம். அந்த நீளத்தை அவரிடம் யாரும் கேட்கவில்லை. பழக்கம் கேட்டது.

உறைவிடத்தில் இந்தப் பழக்கத்துக்குப் பிடிமானம் இல்லாமல் போகிறது. உங்களை அங்கே யாருக்கும் தெரியாது; நீங்கள் எப்படி வரைவீர்கள் என்றும் தெரியாது. புதுமை அங்கேயிருந்து வந்து சேர்வதாகப் பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில், பழையது சில வாரங்கள் வாய் மூடியிருப்பதால் உண்டாகும் இடத்தில்தான் அது முளைக்கிறது. வீட்டு அறையில் இது நடக்கவே நடக்காது என்று நான் சொல்லவில்லை; மிக மெதுவாக நடக்கும்.

போன இரண்டு வாரமும் ஒன்றுமே வரவில்லை. நான் வந்ததே தப்போ?

உறைவிடத்திலிருந்தே தொலைபேசியில் அழைத்து இதைக் கேட்டவர்கள் மூவர். தவறில்லை. அந்த இரண்டு வாரமும் பணியின் பகுதி. உடல் முதலில் தூங்கிக் கடனைத் தீர்க்கும். பிறகு ஒரு பயம் வரும். அதன்பிறகுதான் கண் திறக்கும். கிரஹாம் வாலஸ் என்ற அறிஞர் படைப்புச் செயலை ஆயத்தம், அடைகாத்தல், ஒளிர்தல், சரிபார்த்தல் என்று நான்கு நிலைகளாக 1926இலேயே பிரித்துச் சொன்னார். அடைகாக்கும் கோழியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும்.

என் முதல் உறைவிடத்தில் இந்த வெறுமை எனக்கு வரவேயில்லை. அதுதான் என் பிழை. தைப்பூசக் காவடிகளைப் பற்றிய பன்னிரண்டு ஓவியங்களுக்கான கோட்டுப் படங்களை வீட்டிலிருந்தே முடித்து எடுத்துப் போயிருந்தேன். பன்னிரண்டையும் வரைந்தேன், பெரும்பாலானவை விற்றன. அவற்றை நான் வீட்டிலிருந்தே வரைந்திருக்கலாம். இரண்டாம் முறை தாளும் மையும் மட்டும் கொண்டுபோனேன். அங்கே நான் தங்கிய மரவீட்டில் ஏர்கான் இல்லை. வீட்டில் எப்போதும் ஏர்கான் அறையில் வரைபவளுக்கு, ஈரத்தில் ஊறிய தாளில் மை பரவுவது முதலில் எரிச்சலாக இருந்தது. பதினேழாம் நாளோ பதினெட்டாம் நாளோ, மழை பெய்த ஒரு பிற்பகலில், பரவட்டும் என்று விட்டேன். இன்று நான் வரையும் எல்லாமே அந்தப் பிற்பகலிலிருந்து வந்தவை. கோட்டை நான் முடிப்பதில்லை. காற்றின் ஈரம் முடித்துவைக்கிறது.

அங்கே நடக்கும் மாற்றம் உடனே தெரியுமா?

சிலருக்குத் தெரியும், பலருக்குத் தெரியாது. அசோகமித்திரன் 1973இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் நடக்கும் பன்னாட்டு எழுத்தாளர் திட்டத்துக்குப் போனார். 1967இல் தொடங்கிய திட்டம் அது. அங்கே பல நாட்டு எழுத்தாளர்களோடு ஒரே கட்டடத்தில் வாழ்ந்த அனுபவத்திலிருந்து எழுந்த 'ஒற்றன்', அவர் திரும்பிப் பல ஆண்டுகள் கழித்தே நூலானது. போன இடத்தில் எத்தனை பக்கம் எழுதினார் என்று அன்றைக்குக் கணக்குக் கேட்டிருந்தால் இந்த நூல் அந்தக் கணக்கில் வந்திருக்காது. ஆகவே திரும்பிய மறுவாரமே 'என்ன செய்தாய்?' என்று கேட்பவர்களுக்கு ஒரு குறிப்பேட்டைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

நான் தமிழில் மட்டும்தான் எழுதுகிறேன். எனக்கு யார் இடம் கொடுப்பார்கள்?

பல திட்டங்கள் எந்த மொழி எழுத்தாளரையும் ஏற்கின்றன. மாதிரிப் பக்கங்களின் ஆங்கில மொழிபெயர்ப்பை மட்டும் கேட்கின்றன. அதற்கு இப்போதே ஒரு மொழிபெயர்ப்பாளரைத் தேடிப் பத்துப் பக்கம் தயாராக வைத்திருங்கள். அவருக்குரிய ஊதியத்தையும் கொடுங்கள். அழைப்பு வந்த பிறகு மூன்று நாளில் செய்யும் மொழிபெயர்ப்பு உங்கள் கதையைக் கொன்றுவிடும். அங்கே அன்றாடம் பேசிப் புழங்கும் அளவுக்கு ஆங்கிலம் வேண்டியிருக்கும், சரளம் தேவையில்லை.

பரதம் ஆடுபவர்களுக்கும் மிருதங்கம் வாசிப்பவர்களுக்கும் உண்டா?

உண்டு. ஆடுபவர்கள் முதலில் தரையைப் பற்றிக் கேளுங்கள்: சிமெண்ட் தரையில் ஒரு மாதம் தட்டினால் முழங்கால் போய்விடும். வாசிப்பவர்கள் அக்கம்பக்கத்தார் சத்தத்தைப் பொறுப்பார்களா என்று கேளுங்கள். குளிர்நாட்டுக்குப் போவதானால் வறண்ட காற்றில் தோல் இறுகிச் சுருதி ஏறும் என்பதற்கும் ஆயத்தமாகப் போங்கள்.

விண்ணப்பத்தில் என்ன எழுதினால் எடுப்பார்கள்?

'அமைதியான சூழலில் பணி செய்ய விரும்புகிறேன்' என்பதை எல்லோரும் எழுதுகிறார்கள். உங்கள் வேலை இப்போது எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது என்பதை எழுதுங்கள். மேலே சொன்ன நண்பர் தம் அடுத்த விண்ணப்பத்தில் அந்த ஒரு பக்க நீளத்தைப் பற்றித்தான் எழுதினார். அதைவிட நேர்மையான விண்ணப்பத்தை நான் படித்ததில்லை. திட்டம் என்ற தலைப்பில் ஏதேனும் கேட்பார்கள். கேள்வியாக ஒரு திட்டம் கொடுங்கள், என் பன்னிரண்டு காவடிகளைப் போல முடிந்த பட்டியலாக வேண்டாம். மாதிரிப் படைப்புகளில் சிறந்ததை முதலில் வையுங்கள். தேர்வாளர்கள் நூற்றுக்கணக்கானவற்றைப் பார்க்கிறார்கள்.

நிராகரிப்பு வரும். எனக்கு ஏழு வந்தன. காரணம் பெரும்பாலும் எண்ணிக்கை: நான்கு அறைகள்தாம் இருக்கும்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும், பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். மூன்று மாதம் எப்படிப் போவது?

இந்தக் கேள்வியைப் பெண்கள் மட்டுமே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஆண்கள் விடுப்பைப் பற்றிக் கேட்கிறார்கள். வீட்டைப் பற்றிக் கேட்பதில்லை. இதற்கு இனிப்பான பதில் எதுவும் என்னிடம் இல்லை. உறைவிட உலகம் நீண்ட நாளாகத் தனி ஆளை மனத்தில் வைத்தே கட்டப்பட்டது. இப்போது குடும்பத்தோடு வர அனுமதிக்கும் இடங்களும் இரண்டு வாரத் திட்டங்களும் கூடிவருகின்றன. அழைப்பில் குறிப்பிடாவிட்டாலும் எழுதிக் கேளுங்கள்.

அதுவும் முடியாதவர்கள் பள்ளி விடுமுறையில் பத்து நாள், பாலிக் புலாவிலோ தைப்பிங்கிலோ ஓர் அறை எடுத்துத் தங்கலாம். ஆனால் ஒன்று: அந்தப் பத்து நாளில் அன்றாடம் மூன்று முறை வீட்டுக்குப் பேசினால், வீட்டு அறைக் கேள்விக்கு நான் சொன்ன நிலைக்கே திரும்பிவிடுவீர்கள். இரவில் ஒரு முறை பேசுங்கள். அம்மாவுக்கு அருகில் இருக்கப்போகிறவரை, அவர் அக்காவோ சித்தியோ யாராக இருந்தாலும், இந்த ஏற்பாட்டில் முழுப் பங்காளியாக நடத்துங்கள். உங்கள் படைப்பில் அவருக்கும் உரிமை உண்டு.

வெளிநாடு என்றால் விசா?

ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் மலேசியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் 180 நாளில் 90 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். உதவித்தொகை வாங்குவது வேலையாகக் கருதப்படுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். அழைக்கும் இடத்திடமிருந்து எழுத்தில் பதில் வாங்குங்கள். அமெரிக்காவுக்கு விசா கட்டாயம்.

அங்கே வரைந்த படம் யாருக்குச் சொந்தம்? ஒன்றை விட்டுவிட்டு வரச் சொல்கிறார்களே?

பல இடங்களில் ஒரு படைப்பை நன்கொடையாகக் கேட்பது வழக்கம். முன்கூட்டியே சொல்லியிருந்தால் அதில் தவறில்லை. ஆனால் படம் வேறு, படத்தின் பதிப்புரிமை வேறு. படத்தைக் கொடுத்துவிட்டாலும், அதை அட்டையிலும் சட்டையிலும் அச்சிடும் உரிமை உங்களிடமே இருக்க வேண்டும். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி இவ்வுரிமை பொதுவாகப் படைத்தவருடையது. அவர் வாழ்நாளுக்குப் பின் 50 ஆண்டுகள் வரை நீடிக்கும்.

இங்கேதான் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒருவர் கேட்டுச் செய்வித்த படைப்பாக இருந்தால், வேறு உடன்படிக்கை இல்லாத நிலையில், பதிப்புரிமை செய்வித்தவருக்குப் போய்விடும் என்று அதே சட்டம் சொல்கிறது. உறைவிடத்தார் 'எங்கள் சுவருக்கு ஒன்று வரைந்து கொடுங்கள்' என்று கேட்டால் அது நன்கொடையா, செய்வித்ததா? வரைவதற்கு முன்பே, பதிப்புரிமை கலைஞரிடமே இருக்கும் என்று இரண்டு வரி எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். என் முதல் உறைவிடத்தில் இதைச் செய்யாமல் விட்டதால், நான் வரைந்த ஒரு காவடியை ஒரு நாள்காட்டியில் பார்த்தேன்.

திரும்பி வந்து ஒரே மாதத்தில் பழையபடி ஆகிவிட்டேன். எல்லாம் வீண்தானா?

வீணில்லை, ஆனால் காக்காவிட்டால் வீணாகும். உறைவிடத்தில் அன்றாடம் எட்டு மணி நேரம் பணி செய்தவர் வீட்டிலும் எட்டு மணி நேரத்தை எதிர்பார்த்து, கிடைக்காததால் ஒன்றும் செய்யாமல் விடுகிறார். அங்கே உங்களுக்குள் நடந்த மாற்றம் எது என்பதை ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். எனக்கு அது 'ஏர்கானை அணை' என்பது. இன்றைக்கும் சனிக்கிழமை இரவு பத்து மணிக்குமேல் ஏர்கானை அணைத்து, சன்னலைத் திறந்துவைத்து, இரண்டு மணி நேரம் வரைகிறேன். வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான். தாள் ஈரமாவதற்கு அது போதுமானதாக இருக்கிறது.

எங்கள் கடைவீட்டில் மாடி காலியாகக் கிடக்கிறது. நாங்களே யாரையாவது தங்கவைக்கலாமா?

இந்தக் கேள்வியைச் சென்ற ஆண்டு மார்க்கெட் தெருவில் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணன் கேட்டார். எனக்குக் கிடைத்த கேள்விகளிலேயே என்னை அதிகம் மகிழ்வித்தது அதுதான். தாராளமாகச் செய்யலாம். ஒரு நல்ல மேசை, ஒழுகாத கூரை, சுத்தமான கழிப்பறை, தனிச் சாவி, இரண்டு வாரம்: தொடங்குவதற்கு இவை போதும். வணிகக் கட்டடத்தில் ஒருவரைத் தங்கவைக்கலாமா என்பதை மட்டும் மாநகர் மன்றத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் ஆண்டு ஒரே ஒருவரை அழையுங்கள்; தமிழில் எழுதுபவராக இருந்தால் மகிழ்ச்சி, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பதிலுக்குப் படமோ கதையோ கேட்காதீர்கள். மதியச் சாப்பாடு அனுப்ப விரும்பினால், கீழே வேலை செய்யும் தம்பியிடம் கொடுத்து மாடிப்படியின் மேல்தட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். அந்த அண்ணன் இப்போது மாடிக்கு வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறார். மேசைக்கு எவ்வளவு உயரம் வேண்டும் என்று போன வாரம் கேட்டார்.